தாடியஸ் ஸ்டீவன்ஸும் சாரிட்டி பட்லரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அடிமை ஒழிப்பில் முன்னின்ற தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இளம் வழக்கறிஞராக இருந்தபோது, விடுதலை கோரிய ஓர் அடிமைப் பெண்ணுக்கு எதிராக அவரே வாதாடி வென்றிருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன். சட்டம் பயிலும் எனக்கு இது உறுத்துகிறது. அவருடைய பிற்கால அரசியலை எப்படி நம்புவது?

ச., மதுரை

அன்புள்ள ச.,

நீங்கள் அறிந்தது உண்மை. அதைக் கட்டுரையில் சொல்லாமல் விட்டது என் பிழை.

பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் அங்கே கொண்டுவரும் அடிமை ஆறு மாதங்களுக்கு மேல் தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். மேரிலாந்தைச் சேர்ந்த சாரிட்டி பட்லர் பலமுறை அங்கே அழைத்துவரப்பட்டவர். அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதங்களைத் தாண்டுகிறது என்பதே அவர் தரப்பு வாதம். தங்கல் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும் என்று எஜமானருக்காக வாதாடினார் கெட்டிஸ்பர்க் வழக்கறிஞர் ஸ்டீவன்ஸ். 1821இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சாரிட்டியும் அவர் குழந்தைகளும் மீண்டும் அடிமைகளாயினர். தொழில் தர்மம் என்று சொல்லி இதைக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாயின் நாட்கணக்கை ஒரு சொல்லின் பொருளால் தோற்கடித்த வழக்கு இது.

ஆனால் அதற்குப் பிந்தைய நாற்பத்தேழு ஆண்டுகளையும் பாருங்கள். கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறித்த 1838ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பில் அவர் கையெழுத்திட மறுத்தார். 1851இல், தப்பிவந்த அடிமைகளைப் பிடிக்க வந்தவர்களுக்கு உதவ மறுத்ததால் தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர். நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய பணியை முன்பே எழுதியிருப்பதால் இங்கே விரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். 1866இல், எல்லாருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தை அவையில் முன்வைத்தபோது, குடிமை உரிமைகள் சட்டம் ஏற்கெனவே இருக்கையில் இது எதற்கு என்ற கேள்விக்கு அவர் விடை சொன்னார்: சாதாரணச் சட்டத்தை, எதிர்த் தரப்பினர் பெரும்பான்மை பெற்ற அன்றே ரத்து செய்துவிடுவார்கள். சட்டத்தில் ஓர் இடுக்கு இருந்தால் அதன் வழியே ஒரு குடும்பத்தையே அடிமைத்தனத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்பதைத் தம் கையாலேயே செய்து அறிந்தவரின் எச்சரிக்கையாகவே இதை நான் வாசிக்கிறேன். இறுதி வடிவம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும், தாம் வாழ்வது தேவதூதர்களிடையே அல்ல, மனிதர்களிடையே என்று சொல்லி ஆதரித்தார். விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் நிலம் தர அவர் 1867இல் கொண்டுவந்த மசோதா தோற்றது.

ஆகவே அவருடைய பிற்கால அரசியலை நான் நம்புகிறேன். அதனால் சாரிட்டியின் வழக்கு சிறிதாகிவிடாது. இனி அவரைப் பற்றி எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுதுவேன்.

1868 ஆகஸ்டில் இறந்த ஸ்டீவன்ஸ், லான்காஸ்டரில் எல்லா இனத்தாருக்கும் இடமளித்த ஒரு சிறிய இடுகாட்டில் புதைக்கப்பட்டார். அவரே எழுதிவைத்த கல்லறை வாசகம் அதற்கான காரணத்தைச் சொல்கிறது: தனிமையை விரும்பி அவர் இங்கே வரவில்லை, மற்ற இடுகாடுகளின் சாசன விதிகள் இனம் பார்த்து இடம் மறுத்தன.