விளக்கை ஏன் அணைத்தாய், மகளே?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எங்கள் ஆய்வகத்தில் எட்டுப் பேர். என் மொழி பேசுபவரோ என்னைப் போன்ற பின்னணியிலிருந்து வந்தவரோ வேறு யாரும் இல்லை. பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கையேட்டில் முதல் பக்கத்தில் என் படம் இருக்கிறது. ஆனால் குழுக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதையே பத்து நிமிடம் கழித்து வேறொருவர் சொன்னால் நெறியாளர் பலகையில் எழுதுகிறார். "உன்னைப் போன்றவர்களுக்கென்று இடம் வைத்திருக்கிறார்கள், உனக்கென்ன கவலை" என்று சக மாணவர் ஒருவர் என் காதுபடவே சொன்னார். மாலையில் எல்லோரும் சேர்ந்து வெளியே போவார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை. வந்த புதிதில் எந்தப் படிவத்தை யாரிடம் கொடுப்பது என்று சொல்லித்தரக்கூட ஆளில்லாமல் தவித்தேன். எல்லாவற்றையும் தனியாகவே கற்றுக்கொண்டேன். இப்போது பெரும்பாலும் விடுதி அறையிலேயே இருந்து வேலை செய்கிறேன். அங்கேயும் நிம்மதி இல்லை. போன மாதம் முதலாண்டு மாணவி ஒருத்தி ஏதோ சந்தேகம் கேட்க இரண்டு முறை வந்து கதவைத் தட்டினாள். வேலை கெட்டுவிடும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அம்மா கேட்டால் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் இந்த இடத்துக்குத் தகுதியானவள்தானா? ஆய்வை விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவி

பதில்:

மகளே,

உன் கடிதத்தைப் போன்ற கடிதங்கள் பல ஆண்டுகளாக எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. துறை மாறும், பல்கலைக்கழகம் மாறும். காதுபடச் சொன்ன சொல்லும், கூப்பிடாமல் விட்டுப்போன மாலையும் மாறுவதில்லை. நீ திறமைசாலி, பொறுமையாக இரு, எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதினால் உனக்கு இரண்டு நாள் தெம்பாக இருக்கும். மூன்றாம் நாள் பழையபடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாய். அதனால் அதை எழுதப்போவதில்லை. தகுதியைப் பற்றிய கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அதை உன் ஆய்வேடு சொல்லட்டும்.

நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வரியை. வேலைக்கும் அம்மாவுக்கும் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, விளக்கை அணைத்துவிட்டேன் என்று, அந்த வரியை.

அந்தப் பெண் எதைப் பார்த்து உன் கதவைத் தட்டினாள்? கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான். தட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தயங்கி நின்றிருப்பாள். கையில் ஒரு படிவமோ, அடித்து அடித்துத் திருத்திய ஒரு பக்கமோ இருந்திருக்கும். கேட்கப்போகிற வாக்கியத்தை மனத்துக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்திருப்பாள். அப்போது அவள் காலடியில் கிடந்த வெளிச்சம் சட்டென்று மறைந்தது. ஆளில்லாத அறையில் விளக்கு தானாக அணையாது என்பது அவளுக்குத் தெரியாதா? நீ உள்ளே இருக்கிறாய் என்பதும் அவளுக்குத் தெரியும், இருந்துகொண்டே திறக்கவில்லை என்பதும் தெரியும். உன் ஆய்வகத்தார் உன்னைக் கூப்பிடாமல் போனார்கள். நீயோ உன் வாசல் தேடி வந்த பிள்ளையின் முகத்தில் விளக்கை அணைத்திருக்கிறாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வந்த புதிதில் சொல்லித்தர ஆளில்லாமல் தவித்தேன் என்று அதே கடிதத்தில் சில வரிகளுக்கு முன்னால் எழுதியவள் நீ. தொண்டை வறண்டு இன்னொருவர் கதவுக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று உன் ஆய்வகத்தில் இருக்கும் மற்ற ஏழு பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியும். தெரிந்தவள் செய்தது இது. நான் மட்டும் தனியாகக் கற்றுக்கொள்ளவில்லையா, அவளும் கற்றுக்கொள்ளட்டும் என்று உள்ளே எங்கோ ஒரு குரல் சொல்லியிருக்கும். அது யாருடைய குரல் தெரியுமா? நான் மருமகளாக இருந்தபோது பட்டேன், இவளும் படட்டும் என்று சொல்லும் மாமியாரின் குரல். குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக அரித்த பேச்சு அது. படித்த பெண்ணின் வாயிலிருந்து அது வருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

நான் ஒரு வீட்டின் மூத்த பெண். மூத்தவளாகப் பிறக்க வேண்டும் என்று யாரும் கேட்டுப் பிறப்பதில்லை. பிறந்துவிட்டால் தங்கை சாப்பிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் தட்டில் கை வைக்க வேண்டும். ஒரு குடும்பத்திலிருந்து, ஒரு கூட்டத்திலிருந்து முதலில் பல்கலைக்கழகத்துக்குள் போகிறவள் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் மூத்தவள். உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதுதான் உன் இடம். அந்தப் பெண் உன் மொழி பேசுபவளா, உன்னைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவளா என்று நீ எழுதவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. தன்னவர்களுக்கு மட்டும் கதவைத் திறக்கும் வழக்கத்தைத்தானே உன் ஆய்வகத்தில் நீ குற்றம் சொல்கிறாய்?

நேரம் இல்லை, ஆய்வு கெடும் என்பாய். ஆய்வு என்றால் தனியறையில் செய்கிற தவம் என்று யாரோ உனக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உன்னைப் போலவே ஆய்வு மாணவராக இருந்தவர் யூரி ட்ரைஸ்மன். இளநிலை நுண்கணித வகுப்பில் கருப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். ஆசிரியர்களிடம் விடைகள் தயாராக இருந்தன: ஆர்வம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கம் இல்லை, வசதி இல்லை. ட்ரைஸ்மன் கருப்பின மாணவர்கள் 20 பேரையும் சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேரையும் தேர்ந்துகொண்டு, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கூட இருந்து பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கருப்பின மாணவர்கள் 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படித்ததே இல்லை. தனியாகப் படித்தே பள்ளியில் முன்னுக்கு வந்தவர்கள், அந்தப் பழக்கமே பல்கலைக்கழகத்தில் காலை வாரியது. சீன வம்சாவளி மாணவர்களும் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பிறகு ஒன்றாகக் கூடி விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார்கள், யாருக்குமே வராத கணக்கு எது என்று கண்டுகொண்டார்கள்.

கடைசியாகச் சொன்னதைத் திரும்ப ஒரு முறை படி. தனியாக இருப்பவளுக்கு வராத கணக்கு ஒவ்வொன்றும் தன் மூளையின் குறையாகவே தெரியும். அது பக்கத்து மேசைக்காரருக்கும் வரவில்லை என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? தகுதியானவள்தானா என்ற உன் கேள்வி அந்த அறைக்குள்தான் முளைத்திருக்கிறது. ட்ரைஸ்மன் பின்னர் கருப்பின மாணவர்களுக்காகப் பயிலரங்குகள் தொடங்கியபோது எளிமைப்படுத்திய பாடம் எதையும் நடத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூட்டமாக உட்கார்ந்து போடச் சொன்னார். அவர்களுடைய தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது. எல்லாவற்றையும் தனியாகவே கற்றுக்கொண்டேன் என்று நீ எழுதியிருக்கும் வாக்கியத்தில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கிறது. அந்தப் பெருமையை விடு.

இன்னொரு ஆய்வு மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோசலின் பெல் 1965இல் வானியல் ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். பெண், அதோடு வட அயர்லாந்திலிருந்து வந்தவர். தன்னைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள், ஒரு நாள் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி அனுப்பும்போது உழைக்காமல் போனோமே என்று மனம் உறுத்தக் கூடாது என்பதற்காக ஒன்றையும் விடாமல் பார்த்தார். விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பதிவுசெய்யும் தொலைநோக்கி நாளொன்றுக்குச் சுமார் 100 அடி காகிதத்தில் கோடுகளை வரைந்து தள்ளும். 1967இல் அதற்குள் ஒளிந்திருந்த சின்னஞ்சிறு கிறுக்கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளை அனுப்பும் துடிப்பு விண்மீன்களை உலகம் அறிந்தது அப்படித்தான். 1974இல் அதற்கான நோபல் பரிசில் அவருடைய நெறியாளருக்கு இடம் இருந்தது, அவருக்கு இல்லை. உன் யோசனை வேறொருவர் வாயிலிருந்து பலகைக்குப் போனதைவிடப் பெரிய இழப்பு அது.

2018இல் அவருக்கு வேறொரு பரிசாக 30 லட்சம் டாலர் வந்தது. முழுவதையும் பிரிட்டனின் இயற்பியல் கழகத்திடம் கொடுத்து, இயற்பியலில் ஆளெண்ணிக்கை குறைந்த பிரிவுகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை ஆக்கிவிட்டார். தனக்கு மறுத்த இடத்தைப் பின்னால் வருகிறவர்களுக்குத் திறந்துவிட்ட மனம் அது. உன்னிடம் டாலர் இல்லை. மூன்று ஆண்டு இருக்கிறது. எந்தப் படிவம் எந்த அறைக்குப் போக வேண்டும், எந்தக் கருவி எந்த நேரத்தில் காலியாக இருக்கும், நெறியாளரிடம் எந்தக் கிழமையில் கேட்டால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அந்தப் பெண் கேட்க வந்தது அதைத்தான். கொடுக்க உனக்கு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

இப்போது உன் ஆய்வகத்துக்கு வருகிறேன். அவர்கள் செய்வது தவறு. உன்னைக் கடிந்துகொண்டதால் அவர்களை விட்டுவிட்டேன் என்று எண்ணாதே. இடம் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னவரிடம் முகத்துக்கு நேராக, நிதானமாக, "நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது, இனி அப்படிப் பேசாதீர்கள்" என்று சொல். சொன்ன நாளையும் சொல்லையும் எழுதிவை. மறுபடி பேசினால் எழுத்தில் புகார் கொடு. குழுக் கூட்டத்துக்கு முந்தின மாலையே உன் யோசனையை அரைப் பக்கத்தில் எழுதி நெறியாளருக்கும் மற்ற எல்லோருக்கும் அனுப்பிவிடு. அதற்குப் பிறகு அதை யார் சொன்னாலும் அது உன்னுடையது. கையேட்டில் உன் படத்தைப் போட்டார்களே, போட்டவர்களிடமே போய்க் கேள்: புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வழிகாட்ட மூத்த மாணவர் ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு ஏன் இல்லை? பல பின்னணிகளிலிருந்து ஆட்கள் வேண்டும் என்பது அட்டைப்படத்துக்கான அலங்காரம் ஆகிவிடக் கூடாது. 1990களில் கெவின் டன்பார் என்ற உளவியல் ஆய்வாளர் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகங்கள் நான்கில் உட்கார்ந்து கவனித்தார். வாராந்தரக் குழுக் கூட்டங்களில்தான் பல திருப்பங்கள் பிறந்தன. அதிலும் வெவ்வேறு பயிற்சி பெற்றவர்கள் கூடிய இடத்தில் சிக்கல் விரைவாக அவிழ்ந்தது. அவர் கண்டது படிப்பின் பின்னணியைத்தான், வீட்டின் பின்னணியை அல்ல. ஆனாலும் எட்டுப் பேர் கூட்டத்தில் ஒருத்தியின் பேச்சைக் காதில் வாங்காத நெறியாளர் தன் ஆய்வுக்கே குழி தோண்டுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அம்மாவிடம் பொய் சொல்வதை நிறுத்து. உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிவைத்தவள் ஒரு கெட்ட செய்தியில் உடைந்துபோக மாட்டாள். எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். வாரத்துக்கு ஒரு உண்மையைச் சொல். இந்த வாரம் ஆய்வகச் சோதனை சரியாக வரவில்லை என்று சொல்லலாம், சாப்பிடக்கூடத் துணையில்லை என்று சொல்லலாம். இரவில் தூக்கமே வரவில்லை, காலையில் எழ மனமில்லை என்ற நிலை வாரக்கணக்கில் தொடர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரை, பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களை, விசாரித்தது. 41 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை மனப்பதற்றம், 39 சதவீதம் பேருக்கு அதே அளவில் மனச்சோர்வு. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்றாலும் சிறிய எண்கள் இல்லை. அந்தக் கணக்கில் நீ ஒருத்தியாக இருக்கலாம். கதவுக்கு வெளியே நின்றவளும் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அதை நினைத்துத்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆய்வை விடுவதா வேண்டாமா? எடுத்துக்கொண்ட பொருளில் ஆசை போய்விட்டது என்றால் விடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் உன் கடிதத்தில் ஆய்வுப் பொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, முழுக்க மனிதர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். மனிதர்களால் வந்த வருத்தத்துக்கு ஆய்வை விலையாகக் கொடுக்காதே. ஆறு மாதம் கழித்து இந்தக் கேள்வியை மறுபடி எழுது, பதில் சொல்கிறேன்.

இன்று மாலை அந்தப் பெண்ணின் அறைக்குப் போ. அன்றைக்கு உள்ளேதான் இருந்தேன், திறக்கவில்லை, அது என் தவறு என்று சொல். காரணம் சொல்லாதே, வேலையிருந்தது என்று இழுக்காதே. அவளுடைய ஆய்வுத் திட்டத்தை எப்போது கொடுக்க வேண்டும் என்று கேள். வாரத்தில் ஒரு மாலை அவள் எழுதியதை நீ படி, நீ எழுதியதை அவள் படிக்கட்டும். முதலாண்டுப் பெண்ணுக்கு என் அத்தியாயத்தில் என்ன புரியும் என்று நினைக்காதே. அவளுக்குப் புரியாத இடத்தில் ஒரு கோடு போடச் சொல், நெறியாளரிடம் போவதற்கு முன்னால் அந்த இடத்தைத் திருத்திவிடு. அன்றைக்கு அவள் எதைக் கேட்க வந்தாள், அதை வேறு யாராவது சொல்லித்தந்தார்களா என்பதையும் விசாரித்து எனக்கு எழுது.