லீவு முடிந்து வந்தால் மேஜை நிறைய வேலை: எங்கே தொடங்குவது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் உரம், விதை, பூச்சிமருந்து விற்கும் மொத்தக் கடையில் 12 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். மே 29 முதல் பத்து நாள் லீவு போட்டு, பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கும் கொடைக்கானலுக்கும் போய்விட்டு ஜூன் 8-ஆம் தேதி கடைக்கு வந்தேன். மேஜை முழுக்க பில்லும் ரசீதும். வாட்ஸ்அப்பில் நானூறுக்கு மேல் செய்தி. நான்கு நாள் இரவு 9 மணி வரை உட்கார்ந்தும் தீரவில்லை. அவசரத்தில் இரண்டு விற்பனை பில்லை இரண்டு தடவை பதிந்துவிட்டேன். “நீ இல்லாம கடையே ஓடலம்மா” என்கிறார் முதலாளி. காலாண்டு லீவுக்குத் திருச்செந்தூர் போகலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இனி லீவே வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள், சகோதரி. கடை, அரிசி மில், ஆடிட்டர் ஆபீஸ் என்று டெல்டாவில் 30 வருடமாகக் கணக்கு அறைகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் என் தொழில். நீங்கள் எழுதியதில் லீவின் மேல் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. கிளம்புவதற்கு முன் செய்யாமல் விட்ட சில வேலைகளும், திரும்பி வந்த முதல் நாள் காலையும்தான் உங்களை நான்கு இரவு உட்கார வைத்திருக்கின்றன.

அந்தக் காலை எப்படிப் போயிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பையை மாட்டிவிட்டு உட்காருவதற்குள் கவுன்டர் தம்பி, “அக்கா, வந்துட்டீங்களா” என்று இரண்டு பில்லை நீட்டியிருப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன். போனை வைத்ததும் வாட்ஸ்அப். மேலே கிடக்கிற தாள் முதலில், சத்தம் போடுகிறவர் வேலை முதலில் என்று ஓடி, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பார்த்தால் குவியல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்திருக்கும்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் மூன்று நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். வந்ததை அப்படியே போக விடுவதில்லை. காவிரிக்கு, வெண்ணாற்றுக்கு, கல்லணைக் கால்வாய்க்கு என்று ஷட்டரில் அளந்து பிரித்த பிறகுதான் கீழே போகிறது. பிரிக்காமல் விட்டால் தலைமடை வயலில் வழியும், கடைமடை காயும் என்பது உங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். உங்கள் மேஜையில் தலைமடைக்காரர்கள் யார்? கவுன்டரில் வந்து நிற்கிறவர், குரல் செய்தி மேல் குரல் செய்தி போடுகிறவர். கடைமடையில் கிடப்பது தேதி உள்ள வேலை. அதற்கு வாய் கிடையாது.

நீங்கள் திரும்பி வந்த ஜூன் 8-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் பிடித்த டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைக்கிற வருமான வரி, அதைக் கட்டக் கடைசி நாள் முந்தின நாளே போய்விட்டது. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற கடை என்றால் விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 1-க்கு 11-ஆம் தேதி, பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் 15, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி-க்கு 20. முன்கூட்டிக் கட்டும் வருமான வரியின் முதல் தவணையும் ஜூன் 15-தான். இவற்றில் ஒன்றுகூட உங்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்காது. தவறினால், பிடித்துக் கட்டாத டிடிஎஸ்-க்கு மாதம் 1.5 சதவீதம் வட்டி. 3பி-யில் வரி பாக்கி நின்றால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி, அதோடு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். 11-ஐத் தவறவிட்டால், உங்களிடம் மொத்தமாக எடுக்கிற கிராமத்துக் கடைக்காரருக்கு 14-ஆம் தேதி உருவாகும் 2பி பட்டியலில் உங்கள் பில் வராது. அவர் எடுக்க வேண்டிய வரிக் கழிவு ஒரு மாதம் தள்ளிப் போகும். தப்பு உங்களுடையது, பணம் முடங்குவது அவருக்கு.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வந்த அன்றிலிருந்து போனுக்கெல்லாம் பதில் சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் கணக்கு கொடுத்து, ரொம்ப வேலை செய்த திருப்தியோடு ஐந்து நாள் போனது. ஆறாம் நாள் குவியலின் அடியிலிருந்து பதிவுத் தபாலில் வந்த பழுப்பு நிறக் கவர் ஒன்று வந்தது. ஒரு வயதான வியாபாரிக்கு வந்த நோட்டீஸ். பதில் தரக் கடைசித் தேதி முந்தின நாள். அவர் என் எதிரே உட்கார்ந்து கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்தக் கவரின் ஓரம் கிழிந்திருந்த விதம்கூட எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் திரும்பி வரும் முதல் நாள் மதியம் வரை எந்த வேலையும் செய்யாதீர்கள். பாருங்கள், பிரியுங்கள், எழுதுங்கள், அவ்வளவுதான். ஒரு பில்லும் பதிய வேண்டாம், யாருக்கும் பதில் போட வேண்டாம். “திங்கட்கிழமை மதியம் வரைக்கும் என்னை விட்டுடுங்க, அப்புறம் எது எப்ப முடியும்னு தேதி போட்டுத் தர்றேன்” என்று முதல் நாள் இரவே முதலாளிக்குச் சொல்லிவிடுங்கள். கைபேசியைக் கவுன்டர் தம்பியிடம் கொடுத்து, கூப்பிடுகிறவர்கள் பேரை மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு நீள நோட்டில் தேதி உள்ளவற்றை முதலில் குறியுங்கள். பிறகு உங்கள் கையெழுத்துக்காகவோ ஒரு தொகைக்காகவோ யாராவது காத்திருக்கிற வேலைகள். மிச்சமெல்லாம் வெறும் பதிவு வேலை. பார்க்கப் பயமாக இருப்பது இந்தக் கடைசிக் குவியல்தான். அவசரம் குறைந்ததும் இதுதான்.

வாட்ஸ்அப்பை மேலிருந்து படிக்காதீர்கள். ஒவ்வொருவர் பேச்சிலும் கடைசிச் செய்தியைப் பாருங்கள். மே 30-ல் “அக்கா, அந்த பில்லு வேணும்” என்றவர் ஜூன் 2-ல் “தம்பி கொடுத்துட்டாரு” என்று போட்டிருப்பார். நானூறில் நிறையச் செய்திகள் இப்படித் தானாகவே முடிந்துபோனவையாக இருக்கும்.

உரக்கடை என்பதால் அன்றே செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. விவசாயியின் ஆதாரை வைத்து பாயின்ட் ஆஃப் சேல் மெஷினில் போடுகிற சீட்டு, சூடு பட்டால் வெளுத்துப்போகும் தாள். டெல்டா வெயிலில் ஜன்னலோர மேஜையில் பத்து நாள் கிடந்த சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், மூட்டை எண்ணிக்கை இருந்த இடம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். முதலில் எல்லாச் சீட்டையும் போட்டோ எடுத்துவிடுங்கள். அடுத்தது, கோடவுனில் 45 கிலோ யூரியா மூட்டையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் எண்ணி, மெஷின் காட்டும் இருப்போடு ஒப்பிடுவது. வேளாண்மைத் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தால் பார்ப்பது இந்த இரண்டும் ஒத்துப்போகிறதா என்றுதான். பதிவை நாளைக்குத் தள்ளலாம். எண்ணுவதைத் தள்ளினால் அடுத்த நாள் விற்பனையும் அதில் கலந்துவிடும், வித்தியாசம் எந்த நாளில் விழுந்தது என்று பிறகு பிடிக்க முடியாது.

இனி குவியலுக்கு வருகிறேன். “மே 29 முதல் ஜூன் 7 வரை” என்று அட்டையில் எழுதி, அந்த பில்களை ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாகக் கட்டிவிடுங்கள். 8-ஆம் தேதியிலிருந்து வரும் பில் அன்றன்றைக்கே பதிவாக வேண்டும். பழைய கட்டுக்குள் புது பில் ஒன்றுகூடப் போகக் கூடாது. நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். புதுசும் பழசும் கலந்து கிடக்கிற வரை நீங்கள் எவ்வளவு பதிந்தாலும் குவியல் குறைந்த மாதிரியே தெரியாது. தனியாகக் கட்டிவிட்டால் குறைவது ஒன்றுதான் அதற்கு வழி.

கட்டின பிறகு எண்ணுங்கள். நாளுக்கு 60 பில், பத்து நாளைக்கு 600 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 15 மணி நேரம். தினம் 2 மணி நேரம் ஒதுக்கினால் எட்டு வேலை நாள். ஞாயிறு கழித்து, 16-ஆம் தேதி முடிந்துவிடும். அதில் மே மாத பில் 180-தான், நாலரை மணி நேர வேலை. அதை முதலில் எடுத்தால் 10-ஆம் தேதிக்குள் முடித்து 11-ல் தாக்கல் செய்யலாம். ஜூன் பில்லை அதுவரை தொடக்கூட வேண்டாம். இரவு 9 மணி வரை உட்கார வேண்டிய அவசியம் எங்கேயாவது இருக்கிறதா, பாருங்கள். “16-ஆம் தேதி பழசு முடியுது” என்று முதலாளியிடம் தேதியைச் சொல்லுங்கள். தேதி தெரிந்தவர் தினம் வந்து கேட்க மாட்டார்.

இரண்டு தடவை பதிந்ததற்கு வருத்தப்படுகிறீர்கள். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் மனசின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே நின்றுவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டினார். பாதிப் பதிவில் போன் வந்து, பேசிவிட்டுத் திரும்பினால் கண் அதே பில்லில் விழும், பதிந்தோமா இல்லையா என்று தெரியாது. பழைய கட்டுக்கு ஒதுக்கிய 2 மணி நேரம் போன் உங்களிடம் இருக்கக் கூடாது. பதிந்த நொடியில் பில்லின் மேல் சிவப்பு மையில் வவுச்சர் எண்ணை எழுதி, கம்பியில் குத்திவிட்டுத்தான் தலையைத் திருப்ப வேண்டும். பதிந்துவிட்ட அந்த இரண்டு பில்லும் ஜிஎஸ்டிஆர் 1-ல் போயிருந்தால், அந்த மாத 3பி போடுவதற்கு முன்னால் 1ஏ படிவத்தில் திருத்தலாம். அது தாண்டிவிட்டால் அடுத்த ஜிஎஸ்டிஆர் 1-ல் திருத்தம் காட்ட வேண்டும். முதலாளியிடமும் ஆடிட்டரிடமும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இரவு உட்காருவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. விடுமுறையில் உடம்புக்கும் மனசுக்கும் கிடைக்கிற நன்மை எட்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஜெசிகா டி ப்ளூம் குழுவினர் நெதர்லாந்தில் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஏற்கனவே சீக்கிரம் கரைகிற ஒன்றை நான்கே ராத்திரியில் கரைத்துவிட வேண்டாம். வீட்டிலும் துணியும் பாத்திரமும் குவிந்திருக்கும், தெரியும். முதல் இரண்டு நாள் மாவைக் கடையில் வாங்குங்கள். துணியை வீட்டில் உள்ள மற்றவர்கள் பார்க்கட்டும்.

“நீ இல்லாம கடையே ஓடலம்மா” என்று முதலாளி பிரியமாகத்தான் சொல்கிறார். ஆனால் கடைக்கு அது ஆபத்து, அவரிடம் அதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். வங்கிகளில் முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை தொடர்ச்சியாக 10 வேலை நாளாவது கட்டாயம் லீவில் போக வேண்டும், அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்தால்தான் பிழையோ முறைகேடோ வெளியே வரும். ஒரே கையில் முடங்கிக் கிடக்கிற வேலையும் அப்போதுதான் தெரியும். உங்கள் பத்து நாள் லீவு அந்தக் கடைக்குக் காட்டியதும் அதைத்தான். உங்களுக்கு நாளைக்கே காய்ச்சல் வந்தாலும் இதே நிலைதானே?

காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில் வருவது உங்களுக்கு வசதி. 20-ஆம் தேதி 3பி போட்டுவிட்டால் அடுத்த மாதம் 7 வரை இந்த மாதாந்திரத் தேதிகள் எதுவும் இல்லை. அக்டோபர் 5-க்குள் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சம்பாவுக்கு உரம் கேட்டுக் கூட்டம் வருகிற நேரம் என்று முதலாளி தயங்குவார், அது நியாயம்தான். ஆனால் கூட்டம் வருவது கவுன்டருக்கு. வேண்டுமானால் அங்கே ஒரு வாரத்துக்கு இன்னொரு ஆளைப் போடலாம்.

கிளம்புவதற்கு முன் தம்பிக்கு அதிகம் சொல்லிக் கொடுக்க முயற்சிக்காதீர்கள், குழம்பிவிடுவார். நாளுக்கு ஒரு காக்கிக் கவர், மேலே தேதி. அன்றைய பில், ரசீது, சீட்டு எல்லாம் அதற்குள். சாயங்காலம் கடை அடைக்கும்போது சீட்டுகளைப் போட்டோ எடுத்து அதற்கென்று வைத்த வாட்ஸ்அப் குழுவில் போடுவது. இவ்வளவு போதும். நீங்கள் வரும்போது மேஜையில் வரிசையாகக் கவர்கள் மட்டும் இருக்கும், குவியல் இருக்காது. பதிவுத் தபால் எது வந்தாலும் அன்றே பிரித்துப் படம் எடுத்து ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பச் சொல்லுங்கள், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இன்னொன்று: வரி தாக்கல் செய்கிற போர்ட்டலுக்கு உள்ளே போகிற ஓடிபி யார் நம்பருக்கு வருகிறது? உங்கள் நம்பர் என்றால், போவதற்கு முன் அதை முதலாளி நம்பருக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கடற்கரையில் நின்றுகொண்டு எண் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஜெர்மனியில் டெய்ம்லர் நிறுவனம் 2014-ல், ஊழியர் விடுமுறையில் இருக்கும்போது வரும் மின்னஞ்சல் தானாகவே அழிந்துபோகும் வசதியைக் கொண்டுவந்தது. அனுப்பியவருக்கு வேறு யாரைக் கேட்பது என்ற பதில் மட்டும் போகும். நம் கடைகளில் அவ்வளவு முடியாது. ஆனால் வாட்ஸ்அப் பிசினஸில் ஆளில்லாத நேரத்துக்கான தானியங்கிப் பதிலை வைக்கலாம்: “அக்டோபர் 6 முதல் கணக்கு பேசலாம், அவசரம் என்றால் கடை நம்பருக்குக் கூப்பிடவும்.” நீங்கள் 5-ஆம் தேதியே கடையில் இருப்பீர்கள். அந்த ஒரு நாள் கவர்களைப் பிரிக்க.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகிற செந்தூர் எக்ஸ்பிரஸில் விடுமுறை நேரத்து இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். இந்த வாரமே முதலாளியிடம் தேதியைச் சொல்லிவிட்டு, முன்பதிவு திறக்கிற அன்று காலையில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.