ஞாயிறு 11 மணிக்குப் பொங்கல் ஏன் கட்டியாகிறது?

கேள்வி: சென்னையில் எங்கள் ஏரியாவில் எல்லோரும் கொண்டாடும் டிபன் ஹோட்டல் அது. போன ஞாயிறு காலை 11 மணிக்குக் குடும்பத்தோடு போய், 40 நிமிடம் நின்று இடம் பிடித்தோம். பொங்கல் கட்டி, நெய் ரோஸ்ட் வெள்ளை, வடை நமுத்துப்போய், சாம்பார் தண்ணீராக இருந்தது. போதாக்குறைக்கு பில்லில் 10% சர்வீஸ் சார்ஜ். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: ஹோட்டலைத் திட்டுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். பத்தரை மணிக்கு மேல் உள்ளே மதியச் சாப்பாட்டு வேலை தொடங்கிவிடும். சாதம், கூட்டு, பொரியல் என்று அடுப்பும் ஆளும் அந்தப் பக்கம் போய்விட, டிபனுக்கு மிஞ்சுவது பாத்திரத்தில் ஏற்கெனவே இருப்பதுதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமோ அப்போதுதான் வந்து சேரும்.

வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆற ஆற இறுகும், நெய்யும் உறையும். அதனால்தான் பொங்கல் கட்டியாகிறது. கொஞ்சம் வெந்நீரும் நெய்யும் விட்டுக் கிளறினால் திரும்ப இளகும். அதற்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். சுட்ட வடையை அடுக்கி வைத்தால் உள்ளிருந்து வரும் ஆவி மேல்தோலிலேயே தங்கி நமுக்கச் செய்யும். சாம்பாரை வெந்நீர் விட்டு நீட்டுவது பல சமையலறைகளில் நடப்பதுதான். உப்பையும் புளியையும் சரிசெய்யாமல் விட்டதால் உங்களிடம் மாட்டிக்கொண்டார்கள்!

ரோஸ்ட் வெள்ளையாக வந்ததற்குக் காரணம் கல். ஒவ்வொரு கரண்டி மாவும் கல்லின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், துடைக்கத் தெளிக்கும் தண்ணீரும் அப்படியே. மறுபடி சூடேறக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். ஹாலும் நிறைந்து, ஆப் ஆர்டரும் குவிந்தால் தோசை மாஸ்டருக்கு ஏது அவகாசம்? மாவு ரொம்பப் புளித்திருந்தாலும் சரியாகச் சிவக்காது. சிவப்பதற்கு வேண்டிய சர்க்கரையை நுண்ணுயிரிகள் அதற்குள் தின்று தீர்த்திருக்கும்.

ஆகவே எட்டரைக்குள் போய்விடுங்கள். முடியாதென்றால் கேட்ட பிறகு செய்வதை மட்டும் சொல்லுங்கள்: பூரி, ஊத்தப்பம், ரவா தோசை. என் ஓட்டு ரவா தோசைக்குத்தான். நிதானமாக வெந்தால்தான் கல்லைவிட்டு வரும், மாஸ்டர் நினைத்தாலும் அவசரப்படுத்த முடியாது. இட்லி வேண்டுமானால், அடுத்த ஈடு எப்போது இறங்கும் என்று சப்ளையரிடமே கேட்டுவிடலாம்.

சரி, தட்டு மோசமாக வந்துவிட்டது. இரண்டாவது வாயிலேயே சொல்லிவிடுங்கள். தட்டைக் காலி செய்துவிட்டுக் குறை சொன்னால் யார் கேட்பார்கள்? சப்ளையரிடம் கோபப்படுவதில் பயனில்லை, சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். "நல்லாவே இல்லை" என்பதைவிட "ரோஸ்ட் சிவக்கவில்லை, வேறு போட்டுக் கொடுங்கள்" என்றால் வேலை நடக்கும். ருசிக் குறைவுக்கெல்லாம் நுகர்வோர் ஆணையம் போவது வீண் அலைச்சல். கெட்டுப்போனது, பூச்சி கிடந்தது என்றால் கதை வேறு. போட்டோ எடுத்து, பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள்.

சர்வீஸ் சார்ஜை மட்டும் விடவே விடாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் இந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. விருப்பப்பட்டு டிப்ஸ் கொடுப்பது உங்கள் இஷ்டம். கல்லாவில் "இதை எடுத்துவிட்டு பில் போடுங்கள்" என்றால் போதும். 1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் சார்ஜ் 100, அதன்மேல் 5% ஜிஎஸ்டியாக இன்னொரு 5 ரூபாய், மொத்தம் 105 மிச்சம்.

ஜிஎஸ்டி அப்படியல்ல, அது கட்ட வேண்டிய வரி. ஆனால் காம்பொசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடைக்காரரே தன் கையிலிருந்து வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி ஏற்பாடு) உள்ள சின்ன ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் அதை வசூலிக்கக் கூடாது. அந்தத் திட்டத்தில் இருந்தால் பில்லிலேயே அப்படி அச்சிட்டிருக்க வேண்டும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பில் இன்னும் பையில் கிடக்கிறதா? அதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இப்போதும் பேசலாம்.