ஓவர்டைமை முந்தின நாளே சொல்லிவிடுங்கள்

கேள்வி: அவிநாசி பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். 80 பேர் வேலை செய்கிறார்கள்; பாதிக்கு மேல் சின்னக் குழந்தை உள்ள பெண்கள். சாயங்காலம் ஆனால் ஆல்ட்ரேஷன் பீஸ் (தையல் தப்பித் திருத்த வேண்டியவை) கூடுகிறது. நல்ல டெய்லர்கள் பிரசவத்துக்குப் போனால் திரும்புவதில்லை. சம்பளம் கூட்டியும் பார்த்துவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஒரு நாள் நாலரை மணிக்குத் தையல் லைன் பக்கம் போய் நில்லுங்கள். பள்ளி வேன் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரம் அது. ஓவர்லாக் மிஷினில் கை ஓடிக்கொண்டிருக்கும். கண் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வரும். இன்று ஐந்தரைக்கு விடுவார்களா, எட்டரை வரை நிற்க வேண்டுமா என்பது அந்த நேரத்திலும் பல கம்பெனிகளில் தெரிவதில்லை. உங்கள் ஆல்ட்ரேஷன் பீஸ் அங்கேதான் பிறக்கிறது என்பேன்.

இப்படி எட்டரை வரை நிற்கும் ஒன்றரை ஷிப்ட் நம் ஊருக்குப் பழகிப்போனது. ஆனால் தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாயியோ அப்பத்தாவோ பக்கத்தில் இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் துணை. முன்கூட்டித் தெரிந்தால்தானே அந்த அக்காவிடம் சொல்லி வைக்க முடியும்?

அதனால் நாளைய ஓவர்டைமை இன்று மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லிவிடுங்கள். முடியாது என்பவரை அடுத்த வாரம் பழிவாங்காதீர்கள். நான் ஆலோசனை சொன்ன ஒரு கம்பெனியில் வாசலில் கரும்பலகை வைத்து எழுதத் தொடங்கினார்கள். மூன்று வாரம் கழித்து செக்கிங் மேசையில் ஒரு பெண் சொன்னார்: “வேலை அதேதானுங்க. ஆனா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கறது நின்னு போச்சுங்க.” பர்ன் அவுட் என்பது, அதாவது வேலையால் ஆள் ஓய்ந்துபோவது, தனி ஆளின் பலவீனம் அல்ல. சமாளிக்கப்படாமல் நாள்பட்டுப்போன வேலையிட அழுத்தத்தால் வருவது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் வரையறுத்தது.

அடுத்தது போன். செல்போனை வாங்கி வைக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால், பள்ளியிலிருந்து அழைக்க ஆபீஸ் நம்பர் ஒன்றைக் கொடுத்து, அழைப்பு வந்த நிமிடமே லைனுக்குத் தகவல் போகச் செய்யுங்கள். செலவு எதுவும் இல்லை.

குழந்தைகள் காப்பகம் 80 பேர் உள்ள உங்களுக்குச் சட்டப்படி கட்டாயம். தனியாக இடம் இல்லையென்றால் அக்கம்பக்கத்துக் கம்பெனிகளோடு சேர்ந்து பொதுவாக நடத்தலாம். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். அட்டைப்பெட்டி அடுக்கும் அறையாகிப்போன காப்பகங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பஞ்சுத்தூசி வராத அறை, அடிக்கடி மாறாத ஒரு ஆயா, கடைசி மிஷின் நிற்கும்வரை திறந்திருக்கும் கதவு: இந்த மூன்றும் இருந்தால் பிள்ளைகளை நம்பி விடுவார்கள்.

பேறுகால விடுப்பு நமக்குச் சுமை என்று பல முதலாளிகள் பயப்படுகிறார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஆனால் இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவாகி, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால் அந்தப் பணத்தை இஎஸ்ஐ கொடுத்துவிடும். உங்கள் கையிலிருந்து போகாது. ஆளைப் பதிவு செய்யாமல் விட்டால்தான் சிக்கல்.

அப்பாக்களையும் மறக்காதீர்கள். கணவன் மனைவி இருவரும் உங்களிடமே இருந்தால் இருவரையும் ஒரே நாளில் ஓவர்டைமுக்கு நிறுத்த வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அப்பா பெர்மிஷன் கேட்டால், “வீட்டுல அம்மிணி இல்லியா?” என்று சூப்பர்வைசர் கேட்கக் கூடாது.

பிரசவம் முடிந்து வருபவரை முதல் நாளே பழைய டார்கெட்டில் உட்கார வைப்பதால்தான் பலர் ஒரே வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். ஒரு மாதம் செக்கிங்கிலோ பிசிர் வெட்டுவதிலோ போடுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை அவர் உரிமை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவராக, இருப்பவருக்கு அந்த நிமிடங்களுக்கும் கூலி போட்டுக் கொடுங்கள். பாலூட்டும் அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் வைத்துவிடுங்கள்.