ஒரே மோர்கோன், மூன்று வருஷம்: எதை வாங்குவது?

கேள்வி: பாரிஸில் இருக்கிறேன். பக்கத்து ஒயின் கடையில் ஒரே தயாரிப்பாளரின் மோர்கோன் சிவப்பு ஒயின், 2020, 2021, 2022 என்று மூன்று வருஷத்து அறுவடையும் இருக்கின்றன. 2021 மட்டும் பாட்டிலுக்கு இரண்டு யூரோ குறைவு. மூன்றையும் வாங்கி, நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து சுவைத்துப் பார்க்க ஆசை. விலை குறைந்தது மட்டமா? பழசுதான் உசத்தியா?

பதில்: இரண்டுமே இல்லை. பழைய அரிசிக்கும் பழம்புளிக்கும் மதிப்பு கொடுத்துப் பழகியவர்கள் நாம். அந்தக் கணக்கு, மோர்கோன் விளையும் போஜோலே பக்கத்து ஒயினுக்கு அப்படியே பொருந்தாது. லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கும் அந்த ஊர்களில் சிவப்பு ஒயினுக்கு காமே என்ற திராட்சைதான். பெரும்பாலும் குலையைப் பிய்க்காமல் முழுசாகவே தொட்டியில் போடுவார்கள். அடியில் நசுங்கிய பழம் புளித்து வாயு கிளம்ப, மேலே இருக்கும் பழம் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். அதனால்தான் துவர்ப்பு குறைவு, பழ வாசனை தூக்கல். மோர்கோன் அந்தப் பகுதியின் பத்து 'க்ரூ' ஒயின்களில், அதாவது சொந்தப் பெயரிலேயே விற்கும் உயர்தர ஒயின்களில், ஒன்று; கொஞ்சம் கெட்டியான ரகம், நல்ல பாட்டில் பத்து வருஷம்கூடத் தாங்கும். ஷிரூபிள் போன்ற மெல்லிசான ஊர் ஒயினை அவ்வளவு காக்க வைக்க வேண்டியதில்லை.

இனி அந்த இரண்டு யூரோ. 2021 ஏப்ரலில் ஏறக்குறைய பிரான்ஸ் முழுக்க உறைபனி விழுந்து துளிர் கருகியது. அப்புறம் மழை, பூஞ்சை. வெயில் குறைந்தால் பழத்தில் சர்க்கரை குறையும். சர்க்கரைதானே ஆல்கஹால் ஆகிறது! புளிப்பு மட்டும் அப்படியே நிற்கும். 2020, 2022 இரண்டும் நல்ல வெயில் கண்டவை. 2020இல் ஆகஸ்டிலேயே அறுவடையைத் தொடங்கிவிட்டார்கள். லேபிள் ஓரத்தில் பொடி எழுத்தில் ஆல்கஹால் அளவு இருக்கும். 2021இல் 12, 12.5 என்று நிறையப் பார்ப்பீர்கள். மற்ற இரண்டிலும் 13.5, 14 சாதாரணம். ஆக, கடைக்காரர் விலை குறைத்தது வருஷத்தின் பெயரைப் பார்த்து. லேசான சிவப்பு ஒயின் தேடுபவருக்கு அந்த மூன்றில் லேசானது அதுதான். நானாக இருந்தால் அதில் இரண்டு எடுத்துக்கொள்வேன்.

பணம் கொடுக்கும் முன் லேபிளை ஒரு தரம் படியுங்கள். 'மீஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்' என்றிருந்தால் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது. மொத்த வியாபாரி வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு ஆளிடம் வாங்கி அடைத்த சரக்கு என்றால் நீங்கள் ஒப்பிடுவது வருஷத்தையா, தோட்டத்தையா என்றே தெரியாது. 'வியெய் வீஞ்' (பழைய கொடிகள்) என்ற வார்த்தைக்காகக் கூடுதல் காசு தரும்போது யோசியுங்கள். எத்தனை வயசானால் பழைய கொடி என்று அங்கே சட்டம் எதுவும் சொல்லவில்லை. வெயில் படும் ஜன்னலில் நிற்கும் பாட்டிலை எடுக்காதீர்கள், உள்ளே படுக்க வைத்ததைக் கேளுங்கள்.

சுவைக்கும் அன்று, முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் 13, 14 டிகிரிக்கு வந்துவிடும். அறைச் சூட்டில் ஊற்றினால் இந்த ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். வரிசை வயதுப்படி வேண்டாம். 2021 முதலில், அப்புறம் 2020, கடைசியில் 2022. கனமானதைக் குடித்துவிட்டு 2021க்கு வந்தால் அது தண்ணீர் மாதிரி தோன்றும், பாவம். ஆளுக்கு 50 மில்லி போதும், ஒரு பாட்டிலில் 15 பேருக்கு வரும். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் 2021இன் வழியே தாள் தெரியும், 2022 ஓரம் வரை ஊதா நிறத்தில் நிற்கும். காரமான மிக்சரை மட்டும் அன்று மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒரு தடவை என் வீட்டில் நடந்தது: 'இந்த வருஷமே மோசம்' என்று எல்லோரும் தீர்ப்பு சொல்லிவிட்டோம். கிளாஸில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. வருஷம் பாவம், கெட்டது கார்க். அதே வருஷத்தில் இன்னொரு பாட்டிலைத் திறந்தால் செர்ரி மணம். அப்படி வந்தால் மீதி ஒயினோடு கார்க்கைத் திருப்பிச் செருகி, ரசீதோடு கடைக்குக் கொண்டு போங்கள். நல்ல கடையில் மாற்றித் தருவார்கள். பாதிக்கு மேல் குடித்துவிட்டுப் போனால் கஷ்டம்.

கேள்வி: போன வருஷத்து போஜோலே நுவோ பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். ஆறு பாட்டில் வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வரும் அந்த ஒயின், அறுவடையாகி ஓரிரு மாதத்தில் பாட்டிலுக்குப் போனது. அன்றைக்கு அரைத்த சட்னி மாதிரி, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சமையலுக்கு என்றால் ஒன்று வாங்குங்கள். வெங்காயம், காளான் போட்டுக் கோழியை அதில் வேக வைத்தால் நன்றாகவே இருக்கும்.