பூஞ்சையா, பூஞ்சை மாதிரியா? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "பிசிஆர் எடுத்தால் தெரிந்துவிடுமா?" என்றே முடிகின்றன. டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கி அடையாளம் காணும் சோதனைதான் பிசிஆர். தெரியும். ஆனால் எது தெரியும் என்பது, நாம் எதைக் கேட்டு அந்தக் குழாயை இயந்திரத்துக்குள் வைத்தோம் என்பதைப் பொறுத்தது. சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

*அப்பாவுக்கு வயல் வேலையின்போது கண்ணில் ஏதோ பட்டு, கருவிழியில் புண். சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டுப் பூஞ்சை என்றார்கள். மூன்று வாரம் சொட்டு மருந்து விட்டும் புண் பெரிதாகிறது. இப்போது பிசிஆர் எடுக்கச் சொல்கிறார்கள். முதலில் பார்த்தது தப்பா?*

தப்பு என்று சொல்ல மாட்டேன். சுரண்டலைக் கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது சில நிமிட வேலை. இழை இழையாகத் தெரிந்தால் அன்றைக்கே மருந்தைத் தொடங்கலாம். நம் பக்கத்தில் வயலில் கண்ணில் அடிபட்டு வரும் பூஞ்சைப் புண்ணுக்குப் பெரும்பாலும் பியூசேரியம் அல்லது ஆஸ்பெர்ஜில்லஸ்தான் காரணம். அதற்கு நேட்டாமைசின் சொட்டு கொடுப்பது சரியான தொடக்கம்தான்.

சிக்கல் என்னவென்றால், இழையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. பித்தியம் இன்சிடியோசம் என்று ஒன்று உண்டு. ஈரமான வயல், குளத்து நீர் இதன் இருப்பிடம். நுண்ணோக்கியில் பூஞ்சை போலவே இருக்கும், தட்டில் வளர்த்தாலும் பூஞ்சை போலவே படரும். வம்சாவளியைப் பார்த்தால் பழுப்புக் கடற்பாசிகளுக்குத்தான் இது நெருக்கம். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த ஃபைட்டோப்தோராவும் இதன் பங்காளிதான்.

இந்த வம்சாவளி விவகாரம் உங்கள் அப்பாவுக்கு ஏன் முக்கியம்? நேட்டாமைசின், பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. அசோல் வகை மருந்துகள் அந்தப் பொருள் உருவாவதையே தடுப்பவை. பித்தியத்தின் சவ்வு எர்கோஸ்டெராலை நம்பி இல்லை. அதனால் மணிக்கொரு தரம் சொட்டு விட்டாலும் பெரிதாகப் பலன் தெரியாது. இதற்கு லினசோலிட், அசித்ரோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகளைத்தான் கண் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். பலருக்குக் கருவிழி மாற்று அறுவையும் தேவைப்படுகிறது.

பித்தியம்தானா என்று அறிய, தட்டில் வளர்ந்ததைப் புல் இலைத் துண்டோடு தண்ணீரில் போட்டு, நீந்தும் வித்துகள் வெளிவருகின்றனவா என்று காத்திருந்து பார்ப்பது பழைய முறை. அழகான காட்சி, ஆனால் நாளும் பழக்கமும் வேண்டும். ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படித்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்: "பித்தியமும் சேர்த்துப் பார்க்கிறார்களா?" பெருக்க வேண்டிய பகுதியைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுக்குப் பிரைமர் என்று பெயர். பூஞ்சைக்கு மட்டுமே உரிய பிரைமர் போட்ட கிட் என்றால், பித்தியத்தைத் தேடாமலேயே "இல்லை" என்று ரிப்போர்ட் வந்துவிடும்.

*இரண்டு வருடமாகப் படர்தாமரை. மெடிக்கலில் வாங்கிய களிம்பு போட்டால் ஒரு வாரத்தில் மறைந்து மறுபடி வருகிறது. டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமா?*

முதலில் அந்தக் களிம்பு டியூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், பூஞ்சை பாட்டுக்கு உள்ளே பரவிக்கொண்டிருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, ஒரே துண்டைப் பயன்படுத்துகிறீர்களா என்பதும் டிஎன்ஏவுக்கு முந்தைய கேள்விகள்.

இதையெல்லாம் சரிசெய்து, தோல் மருத்துவர் சொன்ன அளவில் சொன்ன காலத்துக்கு டெர்பினாஃபின் சாப்பிட்டும் போகவில்லை என்றால், அப்போது டெஸ்டுக்கு அர்த்தம் உண்டு. ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்ற பூஞ்சை இன்று இந்தியாவில் ஏராளம். 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளை வைத்து இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருப்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. தட்டில் வளர்த்துப் பார்த்தால் அதன் நெருங்கிய உறவுகளிலிருந்து பிரித்துச் சொல்வது தேர்ந்தவர்களுக்கே கடினம், ஐடிஎஸ் வரிசை பிரித்துக் காட்டிவிடும். டெர்பினாஃபின் தாக்கும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியின் மரபணுவில் ஓரிரு எழுத்து மாறியிருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது. அதையும் வரிசை படித்துக் கண்டுபிடிக்கலாம். இவை இரண்டும் வெவ்வேறு டெஸ்ட். முதலாவது பூஞ்சையின் பெயரைச் சொல்லும், மருந்து கேட்குமா என்பதற்கு இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

*எம்எஸ்சி மாணவி நான். வாடிய தக்காளிச் செடியிலிருந்து பிரித்த பூஞ்சையின் ஐடிஎஸ் வரிசையைப் பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பிடும் மென்பொருளில் போட்டேன். பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம், 99.8 சதவீதம். ஆய்வேட்டில் அப்படியே எழுதலாமா?*

எழுதாதீர்கள், பிளீஸ். ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்களுக்கு இடையே இருக்கும் துண்டுதான் ஐடிஎஸ். ஒரு செல்லில் இதற்குப் பல பிரதிகள் இருப்பதால் எளிதில் பெருகும். 1990-இல் வெளியான பிரைமர்களை இன்னும் உலகமே பயன்படுத்துகிறது. 2012-இல் ஐடிஎஸ், பூஞ்சை இனங்களை அடையாளம் காட்டும் பொது பார்கோடு என்று முறையாக ஏற்கப்பட்டது. ஆனால் பியூசேரியத்தில் நெருங்கிய இனங்களுக்கு ஐடிஎஸ் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஊர்ப் பெயர் சரி, வீட்டு எண்ணுக்கு டெஃப்-1 ஆல்ஃபா மரபணுவைப் படியுங்கள், முடிந்தால் ஆர்பிபி-2வும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்றால் கால்மோடுலின்.

அடுத்தது, எதோடு பொருந்தியது என்று பாருங்கள். ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் வரிசையைப் போடலாம். பெயரிட்டு வைத்த பூஞ்சை ஐடிஎஸ் வரிசைகளில் ஐந்தில் ஒன்று தப்பான பெயரில் இருக்கலாம் என்று 2006-இலேயே ஓர் ஆய்வு எச்சரித்தது. முதலில் வந்த பெயரைக் காப்பியடித்தால் அந்தத் தப்புக்கு நீங்களும் ஒரு சாட்சி ஆகிவிடுவீர்கள். இனத்துக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாகச் சேமித்த வகை மாதிரியோடு ஒப்பிடுங்கள்.

மாதிரி டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் மட்டும் போட்ட கட்டுப்பாட்டுக் குழாயைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது எல்லா மாதிரியிலும் ஒரே பூஞ்சை வந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று வழிகாட்டியிடம் ஓடினேன். பெருகிய டிஎன்ஏ கோடுகளாகத் தெரியும் ஜெல் படத்தின் கடைசிப் பள்ளத்தை அவர் காட்டினார். தண்ணீரிலும் அதே கோடு! நாலைந்து பேர் பொதுவாகப் பிப்பெட் விட்ட தண்ணீர் பாட்டிலில்தான் அந்தப் பூஞ்சை குடியிருந்தது. மூன்று வாரம் போச்சு.

அப்புறம், எந்த மரபணுவும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பெயருக்குள் வேரில் சாதுவாக வாழும் வகைகள் நிறைய. உங்களுடையதுதான் செடியை வாட்டியது என்று காட்ட, நல்ல நாற்றில் செலுத்தி, வாடுகிறதா என்று பார்த்து, அதிலிருந்து மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். நோய்க்குக் காரணமான கிருமியை நிரூபிக்க வழி சொன்ன ராபர்ட் கோக் காலத்து வேலைதான். இன்றும் அதற்கு மாற்று இல்லை.

*ரஸ்தாளித் தோட்டத்தில் வாடல் நோய். டிஆர்-4 வந்துவிட்டது என்று பக்கத்துத் தோட்டக்காரர் பயமுறுத்துகிறார். எதை அனுப்பி டெஸ்ட் செய்வது?*

ரேஸ்-1, டிஆர்-4 இரண்டுமே வாழையை வாட்டும் பியூசேரியத்தின் வகைகள். ரஸ்தாளி என்றால் முதலில் பழைய ரேஸ்-1 மீதுதான் சந்தேகம் போக வேண்டும். ரஸ்தாளிக்கு அது வெகுகால எதிரி. டிஆர்-4 ஜி-9, ரொபஸ்டா போன்ற கேவண்டிஷ் வகைகளையும் சாய்ப்பது. இந்தியாவில் பீகார், உத்தரப் பிரதேசத்தில் அது உறுதியாகியிருக்கிறது, அதனால் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடியிலை மஞ்சளாகி மடிந்து தொங்குவது, தண்டு அடியில் வெடிப்பது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பார்வைக்குப் பிரிக்க முடியாது, அதற்கென்று வடிவமைத்த பிரைமர் போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

அழுகிய கிழங்கையும் மண்ணையும் அள்ளி அனுப்பாதீர்கள், அதில் ஊரில் உள்ள எல்லா நுண்ணுயிரும் இருக்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு நிற நரம்புகள் தெரியும். அவற்றை மட்டும் உரித்து, காகிதத்துக்குள் வைத்து உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து வேறு பூசணம் பிடித்துவிடும். அனுப்பும் முன் உங்கள் வேளாண் அறிவியல் நிலையத்தையோ திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தையோ கேட்டுவிடுங்கள். நோய்ச் சரக்கை நாமே ஊர் ஊராகக் கொண்டுபோகக் கூடாது. முடிவு வரும்வரை அந்தத் தோட்டத்துக் கன்றை யாருக்கும் கொடுக்க வேண்டாம், மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வயலில் இறக்கவும் வேண்டாம்.

*அம்மாவின் போன மாத ரிப்போர்ட்டில் "கேண்டிடா கிளாப்ராட்டா", இந்த மாதம் "நகாசியோமைசிஸ் கிளாப்ராட்டஸ்". புதிதாக ஒன்று தொற்றிவிட்டதா?*

இல்லை, ஆள் அதேதான். இது ஒரு ஈஸ்ட் வகைப் பூஞ்சை. டிஎன்ஏவைப் பார்த்ததில் கேண்டிடா என்று ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தவை பல குடும்பங்கள் என்று தெரிந்ததால் பெயர்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. பல ஆய்வகங்கள் இப்போது இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுகின்றன, எல்லோரும் அப்படிச் செய்தால் இந்தப் பயம் வராது. பழைய ரிப்போர்ட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

*குளியலறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சை. சுரண்டி அனுப்பினால் என்ன இனம் என்று சொல்வீர்களா?*

சொல்லலாம், உங்கள் காசு வீணாகும். எந்த இனமாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எங்கே கசிகிறது என்று பிளம்பரை விட்டுப் பாருங்கள்.