ஷேல் எண்ணெய் (இறுகிய பாறை அடுக்குகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் எண்ணெய்) கிடைத்தால் ஒரு பகுதி உண்மையிலேயே பணக்காரப் பகுதியாகிவிடுமா?

பணம் வரும். ஆனால் அது ஊருக்கு வருவதில்லை, சிலருக்கு வருகிறது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் பாக்கன் எண்ணெய்ப் பகுதியின் நடுவே இருக்கும் வில்லிஸ்டனில், 2013 முதல் 2016 வரை ஒரு லாரி நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்த்தேன். 2010இல் 14,716 பேர் வாழ்ந்த ஊர் அது. 2020 கணக்கெடுப்பில் 29,160 பேர்.

அங்கே நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியிலுள்ள கனிமம் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். எனக்குப் பழக்கமான இரண்டு கோதுமை விவசாயிகளின் வயல்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒருவருக்கு மாதாமாதம் ராயல்டி, அதாவது எடுத்த எண்ணெய்க்கான பங்குத் தொகை, காசோலையாக வந்தது. மற்றவரின் தாத்தா, பஞ்ச காலத்தில் கனிம உரிமையை விற்றுவிட்டிருந்தார். இவருக்குக் கிடைத்தது, எண்ணெய்க் கிணறு அமைந்த இடத்துக்கான இழப்பீடும், டேங்கர் லாரிகள் கிளப்பிய செம்மண் நிறத் தூசி படிந்த கதிர்களும்தான்.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் சரிந்துவிடும். அதனால் புதிது புதிதாகத் துளையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்களுக்கு வேலை துளையிடும்போதுதான். எண்ணெய் வர ஆரம்பித்துவிட்டால் ஒரு கிணற்றைப் பார்த்துக்கொள்ளச் சிலரே போதும். 2012இல் மாநிலத்தில் 200க்கும் மேற்பட்ட ரிக்குகள் (துளையிடும் இயந்திரங்கள்) ஓடின. எண்ணெய் விலை வீழ்ந்தபின், 2016இல் 30கூட இல்லை. அப்போதும் நாளுக்கு ஏறக்குறைய 10 லட்சம் பீப்பாய் எண்ணெய் வந்துகொண்டுதான் இருந்தது! எங்கள் சம்பளப் பட்டியலில் மட்டும் 40 ஓட்டுநர்கள் 11 ஆகிப்போனார்கள்.

மாநில அரசு செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. எண்ணெய், எரிவாயு வரியில் 30 சதவீதத்தை ஒரு சேமிப்பு நிதியில் போட, 2010இல் மக்களே வாக்களித்து முடிவெடுத்தார்கள். எந்த நாட்டுக்கும் இதைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் அந்த நிதி என் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் காப்பாற்றவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓய்வூதியம்தான் வருமானம். வாடகையை 700 டாலரிலிருந்து 2,000 டாலராக உயர்த்திய கடிதத்தைக் கையில் பிடித்தபடி, "இதில் எழுத்துப் பிழை இருக்குமோ?" என்று என்னிடம் கேட்டார். பிழை இல்லை. 2014இல் ஓர் இணையதளக் கணக்கெடுப்பு, அமெரிக்காவிலேயே மிக அதிக வாடகை வில்லிஸ்டனில்தான் என்றது. அந்த ஆண்டே அவர் மினாட்டில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். 2016இல் நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, அவர் குடியிருந்த வீட்டு வாசலில் "முதல் மாத வாடகை இலவசம்" என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது.